கடலடிப் பூச்சிக்கு ஒரு சர்வீஸ் ரிஜிஸ்டர்

போன மாதம் ஒரு சாயங்காலம் அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வீடு திரும்பினேன். பேத்தி வாசலிலேயே செல்போனோடு நின்றிருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கிறவள். "தாத்தா, இந்தப் பூச்சிக்குக் காலில் பட்டு இருக்காம், மீசையில் கட்டுரை இருக்காம். போன் இப்படித்தான் மொழிபெயர்க்குது. உங்க பிரெஞ்சுக்கு இப்பதான் வேலை வந்திருக்கு" என்றாள்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் வளர்ந்துவிட்டு, உத்தியோகத்துக்காகத் திருச்சிக்கு வந்து, ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியோடு தங்கிப்போனவன். முப்பத்தைந்து வருஷக் குமாஸ்தா உத்தியோகத்தில் என் பிரெஞ்சால் அரசாங்கத்துக்குக் காலணா பிரயோஜனமில்லை. எழுபது தாண்டிய பிறகு ஒரு பூச்சி அதைக் கேட்டு வந்திருக்கிறது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலத்தைப் பார்த்தேன். 'ஆர்த்திக்ல்' என்றால் கட்டுரை என்பது சரிதான். ஆனால் விலங்கியல்காரனுக்கு அது கணு, அதாவது காலிலோ மீசையிலோ உள்ள ஒரு பூட்டு. 'சுவா' என்றால் பட்டு. அதே சொல்லுக்கு விறைத்த முடி என்றும் ஒரு பொருள் உண்டு; பன்றிமுடி பிரஷ்ஷுக்கும் அந்தச் சொல்தான். ஆக, பட்டும் இல்லை, கட்டுரையும் இல்லை. முதல் கணுவில் எத்தனை முடி, இரண்டாவது கணு எவ்வளவு நீளம் என்கிற கணக்கு அது. பக்கம் பக்கமாக இப்படியே போகிறது. சர்வீஸ் ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் நாம் எழுதுவோமே, அங்க அடையாளம், 'வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு' என்று, அதையே ஒரு பூச்சிக்கு நூறு மடங்கு விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த நிமிஷமே எனக்கு இந்த விஷயம் பிடித்துவிட்டது.

பூச்சி என்றேன், பேத்தி கோபித்துக்கொள்வாள். ஆம்பிபாடு என்பது பூச்சியல்ல. இறால், நண்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. காரைக்காலில் அரசலாறு கடலில் சேருகிற இடத்தில், கரையில் ஒதுங்கிய பாசியைக் காலால் புரட்டினால் அரிசி அளவில் நூறு உயிர்கள் தத்தித் தத்தித் தெறிக்கும். எங்கள் வாத்தியார் அதை 'ப்யூஸ் தெ மேர்', கடல் தெள்ளுப்பூச்சி என்பார். அது இந்தக் கூட்டத்தில் ஒன்று. இறாலுக்கு முதுகில் ஓடு உண்டு, இதற்குக் கிடையாது. இறாலின் கண் காம்பில் நிற்கும், இதன் கண் தலையோடு ஒட்டியது. உடம்பை இரண்டு பக்கமும் விரலால் நசுக்கிவிட்டாற்போல் ஒல்லியாக இருக்கும். ஏழு ஜோடிக் கால்களில் முதல் இரண்டு ஜோடி பிடிப்பதற்கு, மற்றவை நடப்பதற்கு. சில கால் முன்பக்கம் மடங்கும், சில பின்பக்கம். கிரேக்கத்தில் 'ஆம்பி' என்றால் இரு பக்கமும், 'பொதா' என்றால் கால்கள். தாய் தன் வயிற்றடிப் பையில் முட்டைகளைச் சுமக்கும். குஞ்சு வெளியே வரும்போதே தாயின் அச்சாக இருக்கும்.

குளம், ஆறு, கடற்கரை என்று எங்கும் இருக்கிற இந்தச் சாதாரணப் பிராணி, கடலுக்கு அடியில் பத்தாயிரம் மீட்டருக்குக் கீழேயும் இருக்கிறது. எவரெஸ்டைத் தூக்கி உள்ளே போட்டாலும் மூழ்கிப்போகும் ஆழம் அது. வெளிச்சம் கிடையாது. மேலே செத்த மீனோ திமிங்கிலமோ கீழே வந்து விழுந்தால் முதலில் மோப்பம் பிடித்து வந்து சேர்வது இவைதான். அவை இல்லாவிட்டால் கடலடி என்ன கதியாகும் என்று நாம் யோசித்ததே இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு 'ஆம்பிபோடா' என்று பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், பியேர் ஆந்த்ரே லத்ரேய். வருஷம் 1816. அவர் கதையைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. லத்ரேய் பாதிரியாராகப் பட்டம் பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது பாதிரிமார்கள் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள். இவர் எடுக்கவில்லை. பொர்தோ நகரில் சிறையில் போட்டார்கள். ஒரு நாள் கைதிகளைப் பார்க்க வந்த வைத்தியர், ஓர் ஆள் தரையில் ஊர்ந்த வண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். இது அபூர்வமான வண்டு என்றார் லத்ரேய். வைத்தியர் அதை வாங்கிக்கொண்டுபோய், தனக்குத் தெரிந்த போரி தெ சேன்-வேன்சான் என்ற இளைஞனிடம் கொடுத்தார். அந்தப் பையனுக்கு இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடு, லத்ரேயின் பெயரும் தெரிந்திருந்தது. அவன் அங்கே இங்கே சொல்லிச் சிபாரிசு பிடித்து அவரை வெளியே கொண்டுவந்தான். உடன் சிறையிலிருந்தவர்கள் பிழைக்கவில்லை. அந்த வண்டின் பெயர் நெக்ரோபியா ரூஃபிகாலிஸ், அதுவும் செத்த உடலைத் தின்னுகிற ஜாதி. ஒரு வண்டை இன்னதென்று அடையாளம் சொல்லத் தெரிந்ததற்காகத் தலை தப்பிய மனிதர் நமக்கு 'ஆம்பிபோடா'வைக் கொடுத்தார்.

இனி நம் கடலுக்கு வருவோம். வங்காள விரிகுடாவின் ஆம்பிபாடுகளுக்கு முதன்முதலில் ஒழுங்காக ரிஜிஸ்டர் திறந்தவர், நான் தேடிப் பார்த்த வரையில், ஜி.எம். ஜைல்ஸ் என்ற ராணுவ டாக்டர். அப்போது இந்திய அரசுக்கு 'இன்வெஸ்டிகேட்டர்' என்று ஒரு கப்பல் இருந்தது. பம்பாயில் கட்டி 1881-ல் தண்ணீரில் விட்ட சர்வே கப்பல். கரையோர ஆழங்களை அளந்து வரைபடம் போடுவதுதான் அதன் வேலை. அதில் ஒரு டாக்டரும் போவார். மாலுமிகளுக்கு நோயில்லாத நேரத்தில் அவர் வலை போட்டுக் கடலில் கிடைப்பதை ஆராயலாம். 'சர்ஜன் நேச்சுரலிஸ்ட்' என்று அந்தப் பதவிக்குப் பெயர். ஒரு சம்பளத்தில் இரண்டு வேலை! 1884 முதல் நாலு வருஷம் ஜைல்ஸ் அதில் இருந்தார்.

கல்கத்தாவின் ஆசியாடிக் சொசைட்டி ஜர்னலில் அவர் தொடர்ச்சியாகக் குறிப்புகள் எழுதினார். 1885-ல் எழுதிய ஒன்று, நாணல் துண்டுக்குள் குடியிருக்கும் ஆம்பிபாடு பற்றியது. 'கலாமிகோலா' என்று பெயரிட்டார், நாணலில் வசிப்பது என்று பொருள். 1888-ல் இன்னொன்று: 'காங்கோலெஸ்டெஸ் டென்டாலி'. யானைத் தந்தம் போல் வளைந்த சின்னச் சிப்பி ஒன்று உண்டு. அந்தச் சிப்பிப் பிராணி செத்த பிறகு காலி ஓட்டுக்குள் போய்க் குடியேறுகிற ஆம்பிபாடு இது. பெயரிலேயே 'சிப்பித் திருடன்' என்று எழுதிவிட்டார். 1887-ல் 'லெஸ்ட்ரிகோனஸ் பெங்காலென்சிஸ்'. இது மேல்தண்ணீரில் மிதப்பது. கண்ணே தலை முழுவதும் அடைத்திருக்கும், சொறி மீனின் மேல் ஓசிச் சவாரி செய்யும். இன்றைக்கும் அதற்கு அதே பெயர்தான். பெயருக்குப் பின்னால் 'ஜைல்ஸ், 1887' என்று எழுதுகிறார்கள்.

அந்த ஆண்டு எழுதுகிற முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பேத்தி சொல்லித்தான் தெரியும். முதலில் பெயர் வைத்தவர் எந்தப் பேரினத்தில் சேர்த்தாரோ அதே பேரினத்தில் இருந்தால் அவர் பெயரை அப்படியே எழுத வேண்டும். பிற்காலத்தில் யாராவது வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டால் முதல்வர் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். டிரான்ஸ்ஃபர் ஆன ஆளுக்கு ரிஜிஸ்டரில் அடையாளம்! மாற்றியவர் எத்தனை பெரியவராக இருந்தாலும் முதலில் எழுதியவர் பெயர் போகாது. நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் எத்தனை பேர் எழுதிய குறிப்புகளுக்கு அடியில் வேறு ஆள் கையெழுத்து வந்திருக்காது.

ஜைல்ஸ் கதை அத்துடன் முடியவில்லை. கப்பலைவிட்டு இறங்கிய பிறகு அவர் கொசுவில் இறங்கினார். 1900-ல் உலகக் கொசுக்களுக்கு ஒரு கையேடு போட்டார். நம் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசு அனாஃபிலிஸ் கூலிசிஃபேசிஸ். அதற்குப் பெயர் வைத்தவர் ஜைல்ஸ்தான், 1901. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்த அனாஃபிலிஸ் காம்பியே, அதுவும் ஜைல்ஸ், 1902. எந்தக் கொசு நோயைச் சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்று தெரியாமல் மருந்தடித்து என்ன பிரயோஜனம்? நாணல் துண்டுக்குள் இருந்த பிராணியின் முடியை எண்ணிப் பழகிய கண்தான் கொசுவின் இறக்கைப் புள்ளிகளையும் எண்ணியது. 'இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

ஜைல்ஸுக்குப் பிறகு கப்பலில் ஏறியவர் ஆல்காக். அவரும் டாக்டர். ஆழ்கடலில் வலை இழுத்ததை அழகான ஒரு புத்தகமாக 1902-ல் எழுதினார். கல்கத்தா இந்தியன் மியூசியத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் கவனம் ஆழ்கடல் இறால், நண்டு, மீன் மேல் போயிற்று. பெரியதற்குத்தானே எங்கும் முதல் மரியாதை. ஆம்பிபாடுகள் பாட்டில்களில் காத்திருந்தன.

ஆழ்கடல் ஆம்பிபாட்டுக்கு உண்மையான வேலை நடந்தது அட்லாண்டிக்கில், என் பிரெஞ்சுக்காரர்களிடம். மொனாக்கோ என்ற குட்டி நாட்டின் இளவரசர் முதலாம் ஆல்பர் 1885-லிருந்து 'இரோந்தெல்' என்ற பாய்மரக் கப்பலில் கடலாராய்ச்சிக்குப் போனார். இரோந்தெல் என்றால் தகைவிலான் குருவி. ஆழத்தில் வலையை இழுத்தால் வேகமாக நீந்துகிற பிராணிகள் விலகித் தப்பிவிடும். இளவரசர் வேறு வழி பிடித்தார். இரை வைத்த 'நாஸ்', அதாவது நம் காவிரிக்கரைக்காரர்கள் வாய்க்காலில் வைக்கிற பறி மாதிரி ஒரு கூண்டு, அதைக் கயிற்றில் கட்டி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார். பறிக்குள் நுழைந்தவற்றில் ஆம்பிபாடுகள் ஏராளம். அதுவரை மனிதக் கண் படாதவை.

அவற்றைப் பிரித்துப் பெயர் வைக்கும் வேலை எதுவார் ஷெவ்ரெவிடம் வந்தது. (அவர் பெயரின் கடைசி ஒலியைத் தமிழில் எழுத முடியாது. பிரெஞ்சு வாத்தியார்கள் மன்னிக்கவும்.) 1846-ல் பிறந்தவர். ஆம்பிபாட்டின் மேல் இருந்த பித்தில் தன் சொந்தப் படகுக்கே 'மெலிட்டா' என்று பெயர் வைத்திருந்தார், மெலிட்டா ஓர் ஆம்பிபாடு பேரினம். இரோந்தெல் கப்பலில் கிடைத்த ஒன்றுக்கு 1889-ல் 'இரோந்தெல்லியா' என்று பேரினப் பெயர் சூட்டினார். 1899-ல் இளவரசரின் அடுத்த கப்பலான 'பிரேன்ஸெஸ் ஆலீஸ்' கொண்டுவந்த ஒரு ராட்சதனுக்கு 'அலிசெல்லா ஜிகான்டியா'. ஆலீஸ் என்பது இளவரசரின் மனைவி பெயர். அரிசி அளவுப் பிராணியின் உறவில் இது ஒரு முழ அளவுக்குக் கொஞ்சம் குறைவு, 34 சென்டிமீட்டர் வரை வளரும். ஆம்பிபாடுகளில் இதைவிடப் பெரியது கிடையாது.

இந்த ஷெவ்ரெ, லூயி ஃபாஜ் என்பவரோடு சேர்ந்து எழுதிய 1925-ஆம் வருஷப் புத்தகத்தைத்தான் பேத்தி என்னிடம் கொண்டுவந்தாள். அப்போது அவருக்கு வயது 79. என்னைவிட மூத்தவர். அந்த வயதில் கண் எப்படி ஒத்துழைத்ததோ.

வேலை எப்படி நடக்கிறது என்று பேத்தி தன் மேஜையில் காட்டினாள். சாராயத்தில் கிடக்கும் பிராணியை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு அங்கமாகக் கழற்ற வேண்டும். மீசை இரண்டு ஜோடி. வாயில் மட்டும் மேலுதடு, கீழுதடு, தாடைகள், தாடைக்கால் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டில் தனித்தனியாக ஒட்டிப் பென்சிலால் படம் வரைய வேண்டும். பிறகு அந்தக் குடும்பத்தில் இதுவரை யார் யார் என்னென்ன மொழியில் எழுதியிருக்கிறார்களோ எல்லாவற்றையும் எடுத்து ஒப்பிட வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், லத்தீன் எதுவும் விலக்கில்லை. இருநூறு வருஷத்துக் கோப்பு. எதிலும் அகப்படவில்லை என்றால்தான் புதிய இனம். பெயர் வைத்து, வர்ணனை எழுதி, அச்சில் வெளியிட்டு, வர்ணித்த அந்த ஒரே பிராணியை மியூசியத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு 'ஹோலோடைப்' என்று பெயர். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த அசலைப் போய்ப் பார்க்கலாம்.

செடிகளுக்கும் இதே வழக்கம்தான் என்பது நம் ஊர்க்காரர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறதே, 1967-ல் ஃபாதர் கே.எம். மாத்யூ தொடங்கியது. அங்கே உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, எங்கே, யார், என்று பறித்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராபினாட் ஒரு பிரெஞ்சு ஜெசூட் பாதிரியார். நான் ஒருமுறை உள்ளே போனபோது எனக்கு ரிக்கார்டு ரூமுக்குள் நுழைந்த நிம்மதி வந்தது. நாஃப்தலின் வாசனை வேறு.

நம் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. 1902-ல் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய இலங்கை அரசு ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை வரவழைத்தது. அவர் சேகரித்த ஆம்பிபாடுகளை 1904-ல் வாக்கர் விவரித்தார். பிறகு கே. நாகப்பன் நாயர். சென்னைக் கடற்கரை ஆம்பிபாடுகளைப் பற்றி அவர் எழுதியதை 1959-ல் எழும்பூர் மியூசியம் வெளியிட்டது. 1966-ல் முத்து, சங்குப் படுகைகளின் ஆம்பிபாடுகளையும் எழுதினார். இவை கரையோரத்து இனங்கள். ஆழம் இன்னும் பெரும்பாலும் திறக்காத கோப்புதான்.

அசல் தொலைந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி எனக்கு வேறு காரணத்துக்காக முக்கியம்.

1916-ல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கியபோது மியூசியத்தின் பிராணிச் சேகரம் எல்லாம் அதன் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் 1942-ல் சேகரத்தைக் காசிக்குக் கொண்டுபோனார்கள். குண்டு விழவில்லை. 1943-ல் வருணை நதி பெருகி வெள்ளம் கட்டடத்துக்குள் புகுந்தது. பாட்டில்களில் ஒட்டிய சீட்டுகள் நனைந்தன, மாதிரிகள் நாசமாயின. சீட்டு போன பாட்டில் என்றால், உள்ளே பிராணி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

1977 நவம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் மழையில் கோரையாறும் உய்யக்கொண்டானும் உடைத்துக்கொண்டு தில்லைநகர், உறையூர் எல்லாம் தண்ணீர். நான் அப்போது சின்ன வயதுக் குமாஸ்தா. எங்கள் அலுவலக ரிக்கார்டு ரூமில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு ஒரு வாரம் எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் மொட்டை மாடியில் டியூட்டி. சர்வீஸ் ரிஜிஸ்டர்களையும் பென்ஷன் பேப்பர்களையும் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கல் வைத்துக் காயப்போட்டோம். நீல மசியால் எழுதியது கலங்கிப்போயிற்று. பழைய குமாஸ்தாக்கள் கறுப்பு மசியால் கெட்டியாக எழுதியது நின்றது.

அப்புறம் ஏழெட்டு வருஷம் கழித்து நடந்ததை இதுவரை நான் எங்கும் எழுதவில்லை. பென்ஷன்காரர் இருவர், ஒரே பெயர், ஒரே இனிஷியல், இரண்டு பேருமே ஸ்ரீரங்கம். நம் ஊரில் ரங்கநாதன்களுக்கும் ரங்கராஜன்களுக்கும் பஞ்சமா? ஒருவர் காலமானார். இறப்புச் சான்று வந்தது. நான் குறிப்பு எழுதி மேலே வைத்தேன், மேலே கையெழுத்தாயிற்று, பென்ஷன் நின்றது. நின்றது உயிரோடு இருந்தவருடையது. அவர் குடையோடு வந்து கவுண்டரில் நின்றார். "நான் இருக்கேன் சார்" என்றார். மறுபடி அடுத்த வாரம் வந்தார். நாலு மாதம். அவர் வீட்டில் அரிசிக்கு என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை. கடைசியில் நானே ரிக்கார்டு ரூமில் தேடி, மொட்டை மாடியில் காய்ந்த அந்தக் கட்டுகளில் அவருடைய அசல் பேப்பரை எடுத்தேன். 'வலது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு' என்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குமாஸ்தா கறுப்பு மசியில் எழுதியிருந்தார். கவுண்டருக்கு வந்து அவர் புருவத்தைப் பார்த்தேன். பாக்கி பென்ஷன் வந்த அன்று அவர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சாப்பிட என்னால் முடியவில்லை.

யூரிதினெஸ் கிரில்லஸ் என்ற ஆம்பிபாட்டின் கதையைப் பேத்தி சொன்னபோது எனக்கு அந்தக் குடை நினைவுக்கு வந்தது. கிரில்லஸ் என்றால் சிள்வண்டு. 1822-ல் வடதுருவப் பக்கத்திலிருந்து கிடைத்ததற்கு லிக்டன்ஸ்டைன் என்பவர் வைத்த பெயர். சிவப்பாக, ஆம்பிபாடு கணக்கில் நல்ல பெரிதாகவே வளரும். அதன் பிறகு எந்தக் கடலில் ஆழத்துக்குப் பறி இறக்கினாலும் இதே மாதிரி ஒன்று மேலே வரும். எல்லாவற்றையும் கிரில்லஸ் என்றே எழுதினார்கள். வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை ஒரே இனம், உலகப் பிரஜை என்று கிட்டத்தட்ட இருநூறு வருஷம் நம்பினார்கள். 2013-ல் ஷார்லொத் ஹாவெர்மான்ஸும் கூட்டாளிகளும் மரபணுவைச் சோதித்தபோது அந்த ஒரு பெயருக்கு அடியில் குறைந்தது ஒன்பது தனிக் கிளைகள் இருப்பது தெரிந்தது. ஒரே பெயர், ஒன்பது பென்ஷன்தாரர்!

மரபணு வேறு என்று சொன்னால் மட்டும் பெயர் வந்துவிடாது. பழையபடி ஊசியையும் மைக்ராஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு, உடம்பில் எங்கே வித்தியாசம் என்று எழுத வேண்டும். தெக்கெம் தாக்கோ என்ற பெல்ஜியம்காரரும் ஹாவெர்மான்ஸும் 2015-ல் அதைச் செய்து சில இனங்களுக்குப் பெயர் சூட்டினார்கள். ஒன்று 'மால்டொரோர்', லோத்ரேயமோன் என்ற பிரெஞ்சுக் கவியின் நூலில் வரும் ஒரு கொடிய பாத்திரம். எங்கள் பள்ளியில் லா ஃபொந்தேனின் எறும்பையும் சிள்வண்டையும் நெட்டுருப் போடச் சொன்னார்கள், லோத்ரேயமோன் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் விட்டதில்லை. இன்னொரு இனத்தின் பெயரைப் பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மறுபடி படிக்கச் சொன்னேன். யூரிதினெஸ் அந்தகாரே.

அந்தகாரம்! நம் அந்தகாரம்தான், வடமொழியில் இருட்டு. தென்துருவக் கடலில் வெளிச்சமே எட்டாத ஆழத்தில் வாழும் பிராணிக்கு பெல்ஜியத்தில் உட்கார்ந்து ஒருவர் நம் பாட்டிமார் புராணம் சொல்லும்போது சொல்கிற சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார். இதற்காகவே அன்றைக்கு இரண்டாவது காபி போடச் சொன்னேன்.

இதற்கு நேர் எதிர்க் கேஸும் உண்டு. ஷெவ்ரெயின் ராட்சதன் அலிசெல்லா மிக அபூர்வம், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று நினைத்திருந்தார்கள். 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, பல பெருங்கடல்களில் கிடைத்தவற்றின் மரபணுவை ஒப்பிட்டு எல்லாம் ஒரே இனம்தான் என்கிறது. உலகக் கடல்களில் 59 சதவீதப் பரப்பு அதற்கு வாழிடமாக இருக்கலாமாம். எனவே 'ஒன்று போல் தெரிவதெல்லாம் வேறு வேறு' என்று ஒரு சர்க்குலர் போட்டு எல்லாவற்றையும் பைசல் செய்ய முடியாது. ஒவ்வொரு கோப்பையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

யூரிதினெஸ் குடும்பத்துக்கு 2020-ல் இன்னொரு உறுப்பினர் பதிவானது. பசிபிக்கில் மரியானா அகழியில், ஆறாயிரம் மீட்டருக்கும் கீழே பிடித்தது. பெயர் 'பிளாஸ்டிகஸ்'. அதன் குடலில் தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கின் இழை இருந்தது. மனிதன் அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அவன் குப்பை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் தினம் மிதப்பதைப் பார்க்கிறவனுக்கு இது ஆச்சரியமில்லை. அதே அகழியின் அடியாழத்தில் ஷெவ்ரெயின் குருவிப் பெயர் தாங்கிய இரோந்தெல்லியா ஜிகாஸ் வாழ்கிறது. மக்கி விழுந்த மரத்தூளைக்கூடச் செரிக்கும் நொதி அதற்கு உண்டு என்று ஜப்பானியர் 2012-ல் கண்டார்கள். பிளாஸ்டிக்கைச் செரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நம் அரசும் 2021-ல் ஆழ்கடல் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆறாயிரம் மீட்டர் இறங்கும் 'மத்ஸ்யா' என்ற வாகனத்தைச் சென்னையில் உருவாக்கி வருகிறார்கள். போன 2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் பிரெஞ்சுக்காரர்களின் 'நோத்தீல்' நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். ஒருவர் நாலாயிரம் மீட்டர் தாண்டினார், மற்றவர் ஐயாயிரம். பேப்பர்களில் கனிமம், கோபால்ட், நிக்கல் என்றே எழுதினார்கள். அந்த இருட்டில் அவர்கள் விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி ஏதாவது ஆம்பிபாடு ஓடியிருக்கும். கனிமம் தோண்டுவதற்கு முன்னால் அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துவிட்டால் தேவலை. காலி வீடு என்று நினைத்து இடித்தவர்களை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம்.

பேத்தி இப்போது நாகப்பட்டினம் கடற்கரைப் பாசியிலிருந்து கொண்டுவந்த பதினோரு பிராணிகளைச் சின்னச் சின்ன பாட்டில்களில் வைத்திருக்கிறாள். சீட்டை பாட்டிலுக்கு வெளியே ஒட்டாமல் பென்சிலால் எழுதி உள்ளே சாராயத்திலேயே போட்டிருக்கிறாள். அதுதான் வழக்கமாம். பென்சில் கலங்காது. என்னிடம் ஷெவ்ரெயின் பக்கங்களில் இன்னும் ஆறு பாக்கி. அதில் கீழ்த்தாடையைப் பற்றிய பத்தியில் ஒரு சொல் என் பழைய லாரூஸ் அகராதியில் இல்லை. புதுச்சேரியில் என்னோடு படித்த ஒருவனுக்குப் போன் செய்திருக்கிறேன். அவனுக்கும் தெரியவில்லையாம், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.